பிள்ளையின் மனம் வாடும்போது வீட்டார் செய்ய வேண்டியவை

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலுடன் வாழ்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாற்பது பேர் படிக்கும் ஒரு வகுப்பறைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஐந்தாறு பிள்ளைகள் கணக்கில் வருகிறார்கள். தமிழ்நாட்டில் பள்ளி செல்லும் பிள்ளை உள்ள ஒரு வீட்டில், ‘இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது’ என்று முதல் முறையாகக் கவலைப்படத் தொடங்கியிருக்கும் பெற்றோருக்காகவும், அவர்களோடு இருக்கும் தாத்தா பாட்டிக்காகவும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. நோய்க்குப் பெயர் வைக்கும் பொறுப்பை மருத்துவரிடம் விட்டுவிடலாம். கவனிப்பது, பேச இடம் கொடுப்பது, வீட்டின் அன்றாடத்தைக் காப்பது, காலம் தாழ்த்தாமல் உதவி தேடுவது ஆகியவை வீட்டாரால் மட்டுமே முடியும்.

உங்கள் பிள்ளை சாவைப் பற்றிப் பேசியிருந்தாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டிருந்தாலோ, மற்றவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம். மூன்றாம் படிக்கு நேராகச் செல்லுங்கள்.

முதல் படி: குறித்து வைத்தல்

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, மூன்று மாதங்களுக்கு முன் உங்கள் பிள்ளை எப்படி இருந்தாள் என்பதை அளவுகோலாக வையுங்கள். எப்போதும் அமைதியாக இருக்கும் பிள்ளை அமைதியாக இருப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. வீட்டையே இரண்டாக்கும் பிள்ளை திடீரென்று அமைதியானால் கவனிக்க வேண்டும். தூக்கம், பசி, நண்பர்கள், படிப்பு, முன்பு விரும்பிச் செய்த காரியம் ஆகிய ஐந்தில் எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் முகம் வாடுவதும் ஒரு வாரம் முறைப்பதும் அந்த வயதில் இயல்பு. ஆனால் மாற்றம் இரண்டு வாரத்தைத் தாண்டி ஏறக்குறைய தினமும் நீடித்து, பள்ளியையோ சாப்பாட்டையோ நட்பையோ பாதிக்குமானால், அதை ‘வயசுக் கோளாறு’ என்று ஒதுக்கக் கூடாது.

பெரியவர்களின் மனச்சோர்வு சோகமாகத் தெரியும். வளரிளம் பருவத்தில் அது பெரும்பாலும் எரிச்சலாகவும் சிடுசிடுப்பாகவும் வெளிப்படுகிறது. ஆகவே ‘திமிர் பிடித்துவிட்டது’ என்று வீட்டில் பெயர் வாங்கிய பையனுக்குள் சோர்வு இருக்க வாய்ப்புண்டு. சிறு பிள்ளைகள் உடம்பால் பேசுவார்கள்: வயிற்று வலி, தலைவலி, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் விட்டுப்போன பழக்கம் மீண்டும் தொடங்குவது, அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டே திரிவது. அந்த வலி நடிப்பு அல்ல என்பதை வீட்டில் உள்ள அனைவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பதற்றம் குடலையும் தசைகளையும் உண்மையாகவே பாதிக்கிறது.

ஒரு பழைய நோட்டில் இரண்டு வாரத்துக்குக் குறித்து வையுங்கள். அது இப்படி இருந்தால் போதும்: ‘திங்கள் காலை 7.15, வயிற்று வலி. 10 மணிக்கு இட்லி சாப்பிட்டாள். செவ்வாய், வேன் ஹாரன் கேட்டதும் வாந்தி. புதன், மாமா பைக்கில் கொண்டுபோய் விட்டார், வலி இல்லை. வியாழன், வேன், மறுபடியும் வலி.’ நினைவை மட்டும் நம்பும் பெற்றோர் ‘பள்ளி என்றாலே இவளுக்கு வயிற்று வலி’ என்று முடிவு கட்டுவார்கள். நோட்டோ, பள்ளியை விட்டுவிட்டு வேனில் என்ன நடக்கிறது என்று கேட்கச் சொல்கிறது. பின்னால் மருத்துவரைப் பார்க்கும்போதும் ‘ரொம்ப நாளாவே இப்படித்தான் டாக்டர்’ என்பதைக் காட்டிலும் இந்த நான்கு வரிகள் பயன்படும்.

அந்த இரண்டு வாரத்துக்குள் குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவதும் நல்லது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, பார்வைக் கோளாறு, மாதவிடாயின்போது மிகுதியான இரத்தப்போக்கு போன்றவையும் சோர்வையும் கவனச் சிதறலையும் உண்டாக்கும். எளிய பரிசோதனையில் அவை தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: பேச்சைத் தொடங்குதல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒரு பிள்ளை முதல் முறை வாய் திறக்கும்போது எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே இரண்டாம் முறை திறப்பதும் திறக்காததும் அமையும். முக்கியமான செய்தி பெரும்பாலும் அந்த இரண்டாம் முறையில்தான் வரும். முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரு சோதனை; ‘கணக்கு டீச்சரைப் பிடிக்கவில்லை’ என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

இடத்தையும் நேரத்தையும் நீங்கள் தேர்ந்தெடுங்கள். கூடத்தில் எதிரே உட்கார வைத்து ‘என்ன பிரச்சினை, சொல்’ என்பது விசாரணை. முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாத வேளைகளில் பிள்ளைகள் எளிதாகப் பேசுகிறார்கள்: ஸ்கூட்டரின் பின்னிருக்கையில், மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, விளக்கணைத்துப் படுத்த பிறகு. டியூஷனிலிருந்து அழைத்து வரும் வழியில் ஒரு தந்தை இப்படித் தொடங்கலாம்:

“ஒரு மாசமா நீ சரியாச் சாப்பிடுறதில்ல, கிரவுண்டுக்கும் போறதில்ல. எனக்குக் கொஞ்சம் கவலையா இருக்குடா. சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு.”

“ஒண்ணுமில்லப்பா.”

“சரி. ராத்திரி மாடியில துணி எடுக்கப் போவேன். வர்றதுன்னா வா.”

இங்கே தந்தை, தான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னார், காரணத்தை ஊகிக்கவில்லை, ‘ஒண்ணுமில்ல’ என்ற பதிலைப் பொய் என்று சாடவும் இல்லை. அன்று இரவு பையன் மாடிக்கு வராமல் போகலாம். நான்கு நாள் கழித்து வரலாம். இடையில் மீண்டும் மீண்டும் தூண்டித் துருவினால் அந்த நான்கு நாள் நாற்பது நாளாகிவிடும்.

பேச ஆரம்பித்துவிட்டால், முதல் பத்து நிமிடம் யோசனை எதுவும் சொல்ல வேண்டாம். “இதுக்கெல்லாமா அழுவாங்க?”, “நாங்க படாத கஷ்டமா?”, “உனக்கு என்ன குறை வச்சோம்?” ஆகிய மூன்றும் நம் வீடுகளில் நாக்கு நுனியில் தயாராக நிற்பவை, அன்போடுதான் சொல்லப்படுகின்றன என்றாலும், மூன்றாவதைக் கேட்கும் பிள்ளைக்குத் துன்பத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. அவற்றுக்குப் பதிலாக, “நல்லவேளை சொன்னியே”, “இத்தனை நாளா நீ ஒருத்தியே வச்சிக்கிட்டு இருந்தியா?” என்று சொல்லலாம். பிறகு, “நான் இப்ப ஏதாவது செய்யணுமா, இல்ல கேட்டுக்கிட்டா போதுமா?” என்று கேட்டுவிடுங்கள். பல நேரம் கேட்டுக்கொண்டால் போதும் என்றுதான் பதில் வரும்.

சொன்ன செய்தி வீட்டுக்குள் யார் வரை போகும் என்பதையும் பிள்ளையோடு பேசி முடிவு செய்ய வேண்டும். அம்மாவிடம் சொன்னது அடுத்த வாரம் கல்யாண மண்டபத்தில் சித்தியின் வாயிலிருந்து அறிவுரையாகத் திரும்பி வந்தால், அந்தக் கதவு அதோடு மூடிக்கொள்ளும். அதே வேளையில் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வதும் கூடாது. “உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்னைத் தப்பா நடத்தினாலோ மட்டும் உதவி கேட்டுத்தான் ஆகணும், அப்பவும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மையானது.

மூன்றாம் படி: உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்ற பேச்சு, ஆசையாகச் சேர்த்த பொருள்களைத் திடீரென்று மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, விடைபெறுவது போன்ற குறுஞ்செய்திகள், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது ஆகியவற்றை மிரட்டல் என்றோ நாடகம் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதாம்மா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற அச்சம் பெற்றோரிடம் பரவலாக உள்ளது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை என்பதைத்தான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைச் சொல்ல ஒருவர் கிடைத்தாரே என்ற ஆறுதலே பெரும்பாலும் உண்டாகிறது.

பதில் ‘ஆமாம்’ என்றால், அல்லது மௌனம் என்றால், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள் அனைத்தையும், தாத்தாவின் சர்க்கரை மற்றும் இரத்த அழுத்த மாத்திரைகள் உட்பட, பூட்டி வையுங்கள். எலி மருந்தை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். விவசாயக் குடும்பங்கள் பூச்சிக்கொல்லியை வீட்டில் சேமிக்காமல், தேவையான அன்று தேவையான அளவு மட்டும் வாங்குவதே பாதுகாப்பு. சாக வேண்டும் என்ற அந்த வேகம் பல நேரம் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் நீடிக்கிறது. அப்போது கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் போனாலே உயிர் காப்பாற்றப்படுகிறது.

அழைக்க வேண்டிய எண்களை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டலாம். 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி வழி மனநல உதவி. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம், பெற்றோரும் ஆலோசனை கேட்கலாம். 104 தமிழக அரசின் சுகாதார உதவி எண். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியில் உள்ள சினேகா அமைப்பின் எண் 044-24640050.

பிள்ளை எதையாவது விழுங்கியிருந்தால், எவ்வளவு சிறிய அளவாக இருந்தாலும், பார்வைக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உள்ளுறுப்புகள் பாதிக்கப்படுவது சில சமயம் ஓரிரு நாள் கழித்தே வெளியில் தெரியும். உப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; அது மூச்சுக் குழாய்க்குள் போனால் கேடு இரட்டிப்பாகும். மருந்தின் டப்பாவையோ அட்டையையோ மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்ற பயத்தில் தாமதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பது வழக்கமான நடைமுறை. அதற்காக ஒரு நிமிடத்தையும் இழக்க வேண்டாம்.

கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லோரும் சாக விரும்புகிறவர்கள் அல்லர். தாங்க முடியாத உணர்ச்சியைத் தணிக்க வழி தெரியாமல் அதைச் செய்கிறவர்களும் உண்டு. எனினும் அது பின்னாளைய ஆபத்தைக் கூட்டும் அறிகுறி. சட்டைக் கையை வலுக்கட்டாயமாக மடித்துப் பார்ப்பதையும் அடிப்பதையும் தவிர்த்து, காயத்துக்கு மருந்து போட்டு, அந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நான்காம் படி: வீட்டின் அன்றாடம்

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை எட்டிலிருந்து பத்து மணி நேரமும் தூக்கம் தேவை. பருவமடையும் வயதில் உடலின் கடிகாரமே பின்னோக்கி நகர்ந்து, தூக்கம் தாமதமாக வருகிறது. இது சோம்பேறித்தனம் அல்ல. விடியற்காலையில் எழுந்து படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்பது நம்மிடையே ஆழ வேரூன்றிய நம்பிக்கை. ஆனால் இரவு பதினொன்றரைக்குப் படுக்கும் பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் நிற்பதும் நிற்காது. காலை டியூஷனா இரவு டியூஷனா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டும் வேண்டாம்.

கைபேசியைப் பிடுங்குவதால் சண்டைதான் மிஞ்சும். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் உள்ள எல்லாக் கைபேசிகளும், அப்பாவுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும் என்று விதி வைத்தால் அது நிற்கும். தினமும் ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க ஓடி விளையாடுவதும், நாளொன்றுக்கு ஒரு வேளையாவது தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடுவதும் போதுமானவை. தந்தையின் குடியோ பெற்றோரின் தினசரிச் சண்டையோ உள்ள வீட்டில், பிள்ளைக்கு மட்டும் சிகிச்சை தேடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதாகவே முடியும். அங்கே முதலில் உதவி தேவைப்படுவது பெரியவர்களுக்குத்தான்.

ஐந்தாம் படி: மதிப்பெண்

தமிழ்நாட்டில் இதைத் தனிப் படியாகவே எழுத வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, நீட் ஆகியவை பல வீடுகளில் பிள்ளையின் தேர்வாக இல்லாமல் குடும்பத்தின் மானமாக மாறிவிட்டன. தேர்வு முடிவு வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பே, ‘குறைந்தால் என்ன செய்வோம்’ என்று சேர்ந்து உட்கார்ந்து தாளில் எழுதுங்கள்: மறுகூட்டல், துணைத் தேர்வு, வேறு பாடப்பிரிவு, பாலிடெக்னிக். துணைத் தேர்வில் தேறி அதே ஆண்டில் கல்லூரியில் சேர முடியும் என்ற செய்தியே பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. முடிவு வரும் அன்று ஒரு பெரியவர் விடுப்பு எடுத்து வீட்டில் இருங்கள். உறவினர்களின் அழைப்புகளை நீங்களே எடுத்துப் பேசுங்கள். மதிப்பெண்ணை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

நன்றாகப் பேசும், புத்திசாலியான பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் எழுதவும் மட்டும் தொடர்ந்து திணறினால் கற்றல் குறைபாடு உள்ளதா என்று பரிசோதியுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அங்கீகரிக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் போன்ற சலுகைகளைக் கோரலாம். ‘மக்கு’ என்ற பட்டத்தோடு எட்டாண்டுகள் கழித்த பிள்ளையின் மனச்சோர்வுக்கு மருந்து எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியது இது.

ஆறாம் படி: பள்ளியோடு பேசுதல்

வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்து, நோட்டில் உள்ளதைக் காட்டி, ‘நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்’ என்று கேட்பதிலிருந்து தொடங்குங்கள். கேலி, அடி, ஒதுக்கிவைத்தல், சாதிப் பேச்சு ஆகியவை நடந்திருந்தால் நாள், இடம், நடந்தது ஆகியவற்றைத் தேதியிட்டு எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் ‘வெளியே தெரிந்தால் பெண் பிள்ளையின் வாழ்க்கை’ என்ற வாதத்துக்கே இடமில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் அதைக் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும், பிள்ளையின் பெயரை யாரும் வெளியிடவும் கூடாது. ஆண் பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

ஏழாம் படி: மருத்துவ உதவி

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு; மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்டார மருத்துவமனைகளுக்கும் குறித்த நாளில் வருகிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-இலிருந்து இருக்கிறது. அந்தப் பெயரை வசைச்சொல்லாக்கிய நம் பேச்சு வழக்கே பல குடும்பங்களை அதன் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறது.

மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சு வழிச் சிகிச்சை தருபவர் உளவியலாளர். அவர் மருத்துவ உளவியலாளராக இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. ஒருநாள் பயிற்சிச் சான்றிதழோடு ‘கவுன்சலிங்’ பலகை மாட்டியிருப்பவர்கள் பெருகிவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதும் மந்திரிப்பதும் குடும்பத்துக்குத் தெம்பு தருமானால் செய்யுங்கள், ஆனால் அதற்காக மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

‘சும்மா கடைக்குப் போகலாம் வா’ என்று பொய் சொல்லி அழைத்துச் செல்ல வேண்டாம். “ரெண்டு வாரமா நீ தூங்கல, தூக்கத்தைப் பத்தித் தெரிஞ்ச டாக்டர்கிட்டப் போறோம்” என்று உண்மையையே சொல்லலாம். மருத்துவர் பிள்ளையைத் தனியே பார்க்க விரும்புவார். வெளியே உட்கார்ந்திருக்கும் அந்த இருபது நிமிடம் கடினமாக இருக்கும். வெளியே வந்ததும் ‘என்ன கேட்டாங்க, என்ன சொன்ன’ என்று வாசலிலேயே பிடித்துக்கொள்ளாதீர்கள்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகளின் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகும். அவை போதைப் பழக்கம் உண்டாக்குபவை அல்ல. முதல் சில வாரங்களில் படபடப்போ சாவு எண்ணமோ கூடுகிறதா என்று உற்றுக் கவனித்து, கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், உடல் நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை நினைவில் வையுங்கள்.

சிகிச்சைக்குப் பின் பள்ளிக்குத் திரும்புதல்

சில வாரம் பள்ளிக்குப் போகாத பிள்ளையை ஒரே நாளில் முழு நேரத்துக்கும் அனுப்பினால், மூன்றாம் நாள் மீண்டும் வயிற்று வலி வரும். முதல் சில நாள் மதியம் வரை, பிறகு பிடித்த பாடங்கள் உள்ள நாள்களில் மாலை வரை, அதன் பின் முழு நாள் என்று தலைமை ஆசிரியரோடும் மருத்துவரோடும் பேசி ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். ‘எங்கே போயிருந்தாய்’ என்று வகுப்பில் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் என்பதை வீட்டிலேயே பிள்ளையோடு சேர்ந்து முடிவு செய்து வையுங்கள். ‘உடம்பு சரியில்லை, இப்போது பரவாயில்லை’ என்பதே போதுமான பதில். பாடச் சுமையில் எதைப் பிடித்தாக வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று ஆசிரியரிடம் எழுதி வாங்கிக்கொண்டால், முப்பது நாள் நோட்டுகளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதும் தண்டனையிலிருந்து பிள்ளை தப்பிக்கும். இத்தனை நாளும் கவனிப்பாரின்றி இருந்த தம்பியையோ அக்காவையோ ஒரு மாலை தனியே வெளியே அழைத்துச் செல்லுங்கள். இரவில் கண் விழித்த அம்மாவுக்குப் பகலில் இரண்டு மணி நேரம் தூங்க வீட்டில் மற்றவர்கள் வழி செய்யுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதியை, பிள்ளை நன்றாக இருந்தாலும், தவறவிடாதீர்கள்.